நீண்ட சஜ்தா

படுக்கையிலிருந்து எழுந்திருப்பது ஹிதாயத்துல்லாவுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. முதலில் இடப்பக்கம் புரள வேண்டும். பிறகு காலைக் கட்டில் விளிம்பில் தொங்கவிட்டு, கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே தள்ளு. அந்தத் தள்ளில் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ உருவுவது போலிருக்கும். அது அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தக் கூத்து முடிவதற்குள் பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் கத்தத் தொடங்கிவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஹஃபீசா பேன்ட்டைத் தரையோடு விரித்துப் பிடித்தாள். அவர் அவள் தோளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக உள்ளே விட்டார்.

"இன்னிக்காவது சேர்ல ஒக்காந்து தொழுங்க மச்சான். முடியாதவங்களுக்கு அல்லாவே சலுகை குடுத்துருக்கான்."

"அல்லா குடுத்துட்டான். அபூதாஹிர் பாய் குடுப்பாரா?"

ஹஃபீசா பேன்ட்டை இடுப்புக்கு ஏற்றிவிட்டாள். மனைவி என்ற முறையில் அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஹிதாயத்துல்லா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற பிரியாணி மாஸ்டர். பல்லாவரத்திலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் அவர் கையால் தம் போட்ட தேக்சா என்றால் விருந்தாளிகள் இரண்டாவது பந்திக்கும் காத்திருப்பார்கள். தேக்சா என்பது ஆள் உட்காரக்கூடிய அளவுக்குப் பெரிய செம்புப் பாத்திரம். அதைத் தூக்கி, இறக்கி, அதற்குள் குனிந்து கிளறியே இருபது வயதிலிருந்து பிழைத்தவர். இப்போது அதே குனிதல் அவருடைய முதுகெலும்பில் ஒரு தட்டைப் பிதுக்கி நரம்பின் மேல் உட்கார வைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாரம் தூக்காதீங்க, குனியாதீங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க, ரொம்ப நேரம் உக்காராதீங்க. வேற வேலைக்கு மாறிக்கங்க" என்றார்.

"எந்த வேலைக்கு சார்?"

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வேறு வேலையும் பார்த்தாயிற்று. மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. உட்கார்ந்தால் கால் மரத்துப்போனது. நின்றால் இடுப்பு எரிந்தது. சுவரில் சாய்ந்திருந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டிப் பார்த்தார். முதல் நாளே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கண் இருட்டி, ஏறியிருந்த பெண்கள் அலறினார்கள். கை உடைந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்ப்பார்கள். இடுப்பு வலிக்காரனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆள் பார்வைக்குத் தேக்கு மரம் போல இருப்பார். "நல்லாத்தானே கீறாரு, வேலை செய்ய வணங்கல" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

சமையலில் இன்னும் மோசம். கோவிலம்பாக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகு வைத்த ஒரு வலீமா விருந்தில் நடுச் சமையலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். 'மாஸ்டருக்கு இடுப்பு பூட்ச்சாம்' என்ற பேச்சு அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு போன் வருவது நின்றுபோனது. ஹஃபீசா ஜாக்கெட் தைத்துக் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது. மகள் மாஹிரா கல்லூரியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அபூதாஹிர் பாய் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அபூதாஹிர் பள்ளிவாசல் முத்தவல்லி. ஜமாஅத் நிர்வாகம் மொத்தமும் அவர் கையில். அவர் வீட்டுக் கல்யாணத்தில் தேக்சா ஏற்றிய மாஸ்டரை அதன் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "ஜும்மா முடிஞ்சதும் பாக்கலாம் மாஸ்டர்" என்று மட்டும் சொல்லியிருந்தார். எதைப் பார்க்கப் போகிறார் என்பது ஹிதாயத்துல்லாவுக்குப் புரிந்தது.

பள்ளிவாசலில் கடைசி வரிசை நாற்காலி வரிசை. குனியவும் நெற்றியைத் தரையில் வைக்கவும் முடியாதவர்கள் அங்கே உட்கார்ந்தபடி தொழுவார்கள். மார்க்கத்தில் அதில் குறையே இல்லை. ஆனால் உடம்பை விற்றுப் பிழைக்கிறவன் அங்கே போய் உட்கார்ந்தால், ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியதற்குச் சமம்.

உள்ளே நுழைந்ததுமே, பாங்கு சொல்லும் மோதினார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசுக்காரர், ஆனால் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல்.

"மாஸ்டர்! ஒங்களுக்குன்னே எடுத்து வச்சேன். வாங்க, ஒக்காருங்க!"

பாதி ஊர் திரும்பிப் பார்த்தது.

"இன்னா மோதினாரே, என்னைக் கெழவன்னு சொல்றீங்களா? ஒங்க மாமனாருக்குப் போடுங்க. அவரு நிக்கறப்ப தூங்கிடறாரு."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பின் மறைவில் ஹிதாயத்துல்லா நடந்து முதல் வரிசைக்குப் போய், அபூதாஹிர் பாயின் தோளோடு தோள் உரச நின்றார்.

இமாம் 'அல்லாஹு அக்பர்' என்றார். இடுப்பை வளைத்து முழங்காலில் கைவைக்க வேண்டிய நேரம். வளைத்தார். கம்பி உருவப்பட்டது. பிறகு சஜ்தா. முழங்கால், கை, நெற்றி எல்லாம் தரையில். போவது சுலபம், எழுவதுதான் கொலை. கண்ணில் நீர் கொட்ட, பல்லைக் கடித்து எழுந்தார். அடுத்த சஜ்தாவில் என்ன ஓதினார் என்பது அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரா என்பதுதான் மனம் முழுவதும்.

தொழுகை முடிந்ததும் அபூதாஹிர் அவர் தோளைப் பிடித்தார்.

"இடுப்பு ரொம்பப் பேஜாருன்னு சொன்னாங்களே மாஸ்டர்?"

"சொன்னவனுக்கு வாயில பேஜாரு பாய்."

அபூதாஹிர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்கதான். சாமான் லிஸ்ட் அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து கட்டிலில் சரிந்தவர் சாயங்கால அஸர் தொழுகைக்கு எழவில்லை. ஹஃபீசா வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்தபடி நடந்ததைக் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

"அது தொழுகை இல்ல மச்சான். முகஸ்துதி."

பிறர் பார்க்கவென்று செய்யும் வணக்கத்துக்கு அவர்கள் வீடுகளில் வழங்கும் சொல் அது. வசவைவிடக் கடுமையானது.

"தெரியும்டீ," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "தேக்சா ஏறட்டும். அப்பறமா அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

* * *

பல்லாவரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. மேற்குச் சுவர் ஓரமாக விறகு அடுப்புகள் வரிசையாகக் காத்திருந்தன. ஹிதாயத்துல்லா சட்டைக்குள் இடுப்பு பெல்ட்டை இறுக்கி, வயிற்றுக்குள் வலி மாத்திரைகளை இறக்கி, விறைப்பாக நின்றார்.

"இன்னா மாஸ்டர், போலீஸ் பரேடுக்கா வந்துகீற?" என்றான் ஞானையா. பொழிச்சலூர்க்காரன். வெங்காயம் உரிக்கிற காலத்திலிருந்து அவருடனேயே இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் காலை முதல் சர்வீஸிலேயே முடித்துவிட்டு ஓடி வந்திருந்தான். "சட்டைக்குள்ள இன்னா அது, இரும்புத் தகடா?"

"பெல்ட்டுடா. சத்தமா பேசாத."

"சரி. நீ வாயி, நான் கையி. குனிஞ்சே, மவனே, நானே போய் முத்தவல்லிகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லுவே. அப்பறம் யாரு உனக்கு வேலை குடுப்பா? உன் பாஸ்டரா?"

"அவரே என்கிட்டதான் காணிக்கை கேக்கறாரு, வுடு."

வேலை ஓடியது. எண்ணெய் காய்ந்தது, வெங்காயம் பொன்னிறமானது, கறி மசாலாவில் வெந்தது. ஹிதாயத்துல்லா நின்ற இடத்திலிருந்தே வாசனையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். ஞானையாவும் மற்ற ஆட்களும் செய்தார்கள். அரிசியை முக்கால் பதத்தில் வடித்து மசாலாவின் மேல் கொட்டி, ஈரத் துணி சுற்றி மூடி போட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் தம். மூடி விழுந்த உடனே அடியில் எரிகிற விறகை இழுத்துவிட்டு, நெருப்புக் கங்கை மட்டும் வைத்து, மீதிக் கங்கை மூடியின் மேல் வாரிக் கொட்ட வேண்டும். விறகு அடியிலேயே கிடந்தால் மசாலா வற்றி அடிபிடித்துவிடும். அடிபிடித்த வாடை ஒரு தேக்சாவில் ஏறினால், மேலே உள்ள சோறு வரைக்கும் ஏறும். யாரும் வாயில் வைக்க முடியாது.

மற்ற அடுப்புகளில் விறகை இழுத்தாகிவிட்டது. கடைசியாக மூடிய பெரிய தேக்சா மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து வாசலில் தயிர் வண்டி வந்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டது. சாமானை உடனே இறக்கி வண்டியை எடுக்கச் சொல்லி ஒரே கூச்சல்.

"எல்லாரும் வாங்கடா, இறக்கிட்டு வந்துடலாம்," என்று ஆட்களைக் கிளப்பிய ஞானையா திரும்பி விரலை நீட்டினான். "வந்து நான் இழுக்கறேன். நீ தொடாத மாஸ்டர்."

அவர் தொடவில்லை. நின்றார். வாசலில் தஃப் மேளம் அடிக்கும் ஓசை நெருங்கி வந்தது. ஊர்வலம் நுழைந்துவிட்டது; அது முடியாமல் ஞானையா திரும்ப முடியாது. அடுப்பில் சவுக்குக் கட்டை ஒன்று படீரென வெடித்துத் தீ தேக்சாவின் இடுப்பு வரை ஏறியது.

ஒரே ஒரு கட்டை. அதை மட்டும் இழுத்துவிட்டால் போதும்.

குனிந்தார்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ பூட்டிக்கொண்டது. கால்கள் இல்லாமல் போயின. முழங்கால் தரையில் மோதியது, கைகள் ஊன்றின, அவையும் மடங்கின. தோளில் கிடந்த துண்டு முன்னால் நழுவி விழ, நெற்றி அதன்மேல் போய் இறங்கியது. அசைய முயன்றார். விரலை அசைத்தாலே இடுப்பில் மின்சாரம் பாய்ந்தது. மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

கொட்டகை வாசலில் காலடி கேட்டது. அபூதாஹிரின் அக்காள் மகன் முதாசிர். கூட மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

"மாஸ்டர், எப்ப..." என்று ஆரம்பித்த முதாசிர் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஷ்ஷ். தொழுதுகினு கீறாரு."

"இப்ப என்ன தொழுகை? மதிய லுஹருக்கு இன்னும் நேரம் இருக்கே?"

"நஃபிலா இருக்கும் மாமு, அவரா விரும்பித் தொழுவுறது. தம் போட்டுட்டு தொழுவுறாரு பாருங்க. அல்லா குடுக்கற அந்த பரக்கத்துதான் அவரு பிரியாணி."

ஹிதாயத்துல்லாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தொழுகைத் திசையான மேற்கே பார்த்த தலை. வெறுங்கால். நெற்றிக்கடியில் விரித்த துண்டு. அவர் விழுந்து கிடப்பது அவர்கள் கண்ணுக்கு சஜ்தாவாகத் தெரிகிறது.

இரண்டு குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தன. முதாசிர் பிடித்து நிறுத்தினான். "தொழுறவங்க முன்னாடி போவக் கூடாது. அந்தாண்ட போய் வெளையாடு."

அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் அவர் கிடந்தார். அவரைத் தாண்டாமல் அடுப்பை நெருங்க முடியாது. யாரும் தாண்டப் போவதில்லை.

வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு சொல். ஆனால் திறந்தால் வெள்ளிக்கிழமை செய்த அத்தனையும் போய்விடும். ஞானையா வந்துவிடுவான். வந்தால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வான், தூக்கி நிறுத்துவான், யாருக்கும் தெரியாது. ஞானையா, வாடா. சீக்கிரம் வாடா.

அத்தர் வாசனை வந்தது. அபூதாஹிர்.

"என்ன கூட்டம் இங்க?"

"மாஸ்டர் சஜ்தாவுல கீறாரு மாமா. ரொம்ப நேரமா. அழுவுறாரு போல."

உண்மைதான். கண்ணீர் மூக்கு வழியாகத் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அபூதாஹிர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைவிட இவரு அதிகமா துஆ செய்யறாரு முதாசிர். இவரைப் போய் முடியாதவருன்னு சொன்னாங்களே." பிறகு, "ரமலான் கஞ்சியும் இவருக்குத்தான். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

ரமலான் கஞ்சி. நோன்பு திறக்க பள்ளிவாசலில் மாதம் முழுக்கக் காய்ச்சுகிற கஞ்சி. ஒவ்வொரு நாளும் வேலை. இனி மாஹிரா கல்லூரியை விட வேண்டியதில்லை.

அந்த நிமிஷத்தில்தான் வாசனை மாறியது.

நெய்யும் புதினாவும் மணந்துகொண்டிருந்த இடத்தில் காய்ந்த மசாலாவின் வறட்டு நெடி. தண்ணீர் வற்றிவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் வெங்காயம் கருகும். அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களுக்கு இது பிரியாணி மணம்.

ஞானையா வரவில்லை.

சோறு கருகினாலும் அவர் தொழுதுகொண்டிருந்ததாகத்தான் சொல்வார்கள். 'அல்லாவை நெனச்சிகினே அடுப்பை மறந்துட்டாரு' என்று மன்னித்தாலும் மன்னிப்பார்கள். அப்படியும் ஒரு யோசனை வந்தது. மேடையில் ஒரு பெண் பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கல்யாணச் சோறு.

"வெறக இழுங்க!" என்று தரையைப் பார்த்துக் கத்தினார். "பெரிய தேக்சா! வெறக இழுங்க பாய்! அடிபுடிக்குது!"

யாரும் நகரவில்லை. தொழுகையில் இருப்பவர் பேசுவாரா?

"தொழுவல பாய். நான் தொழுவல. வுழுந்துட்டேன். என்னைத் தாண்டிப் போங்க. தாண்டுங்க!"

முதாசிர்தான் முதலில் பாய்ந்தான். அவர் மேல் கால் வைக்காத குறையாகத் தாண்டிப் போய், பட்டு வேட்டியோடு கட்டைகளை இழுத்துப் போட்டான். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். கொட்டகை முழுக்கப் புகை. மூடியின் மேல் கங்கை எப்படிக் கொட்ட வேண்டும் என்று முகத்தைத் தரையில் வைத்தபடியே அவர் சொன்னார்.

புகை அடங்கியபோது அபூதாஹிர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க மாஸ்டர்."

"முடியல பாய்."

இத்தனை நாளும் வாயிலிருந்து வராத சொல் அது. வந்த பிறகு நிற்கவில்லை. "முடியல. முடியல பாய்."

நாலு பேர் சேர்ந்து தூக்கி, பக்கவாட்டில் அரிசி மூட்டைகளின் மேல் கிடத்தினார்கள். தூக்கியபோது அவர் போட்ட அலறலில் தஃப் சத்தம்கூட ஒரு கணம் நின்றது. அப்போதுதான் ஞானையா தயிர் கேனோடு ஓடி வந்தான். பார்த்தான். கேனைக் கீழே வைத்துவிட்டு, தேக்சாவுக்குப் போய்க் காதை வைத்துக் கேட்டான்.

"தப்பிச்சிட்ச்சி," என்றான். "அடியில லேசாத்தான்."

அபூதாஹிர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"அன்னிக்கு ஜும்மாவுல என் பக்கத்துல நின்னு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "ஏன் மாஸ்டர்?"

"நீங்க பாக்கணும்னுதான் பாய்."

அபூதாஹிர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"கஞ்சி... கஞ்சி நான் காய்ச்சிடுவேன் பாய்," என்று ஹிதாயத்துல்லா அவர் கையைப் பிடித்தார். "அதுல தூக்கறது கெடையாது. ஞானையா கிண்டுவான். நான் ஒக்காந்துகினே பதம் சொல்றேன். இன்னிக்கு சொல்லலியா? படுத்துகினே சொன்னேனே?"

"நோன்புக் கஞ்சி மாஸ்டர். ஊரே நாள் முழுக்கப் பட்டினி கெடந்து அந்தக் கஞ்சிக்காக ஒக்காந்திருக்கும். நடுவுல ஒரு நாள் நீங்க இப்படி விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"வுழ மாட்டேன் பாய். சத்தியமா வுழ மாட்டேன்."

மூட்டையின் மேல் கிடந்துகொண்டு சொன்னார். முதாசிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அபூதாஹிர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "ஒடம்பைப் பாருங்க. ஜமாஅத்துல ஏதாவது உதவி செய்யச் சொல்றேன்" என்று எழுந்தார். உதவி. அவர் வேலை கேட்டிருந்தார்.

பந்தி ஆரம்பித்தது. மண்டபத்திலிருந்து தட்டுச் சத்தமும், "இங்க ஒரு பீஸு!" என்ற குரல்களும் வந்தன. பிரியாணி நன்றாக இருந்தது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. ஞானையா, பாத்திரம் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் மாஸ்டரைப் படுக்க வைத்துக் கொண்டுபோக இடம் உண்டா என்று டிரைவரிடம் கேட்கப் போயிருந்தான்.

ஏப்பம் விட்டுக்கொண்டு ஒருவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கரணையில் டைல்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"இங்க பிரியாணி மாஸ்டர் யாருங்க?"

ஹிதாயத்துல்லா தலையைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. "நான்தாங்க."

"அட, சூப்பர் மாஸ்டர்! பள்ளிக்கரணையில எங்க வீட்லயும் ஒரு விசேஷம் வருது. ஏன் படுத்துட்டீங்க?"

"விடிய விடிய வேலைங்க. சும்மா சாஞ்சேன்."

"நல்லா சாயுங்க. நம்பர் சொல்லுங்க."

சொன்னார். ஒவ்வொரு எண்ணாகத் தெளிவாக, குரல் நடுங்காமல். வந்தவர் செல்போனில் தட்டிக்கொண்டார்.

"கை கழுவிட்டு, வீட்டுக்காரங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு போன் பண்றேன். எடுத்து ஒரு வார்த்தை பேசிடுங்க, இங்கயே தேதி பேசி முடிச்சிடலாம். எடுக்கலைன்னா அந்த ஆலந்தூர் மாஸ்டரைப் புடிச்சிடச் சொல்லி வீட்ல நச்சரிக்கிறாங்க."

போய்விட்டார்.

போன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. எந்தப் பக்கமாக அவரைக் கிடத்தியிருந்தார்களோ அந்தப் பக்கப் பாக்கெட்டில். அதை எடுக்க இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும். கையை ஊன்றினார். மூச்சை அடக்கினார். தள்ளினார். கண் இருண்டு வெளிச்சம் திரும்பியபோது அதே இடத்தில்தான் கிடந்தார்.

போன் அடித்தது. தொடை எலும்பில் அது அதிர்வதை உணர முடிந்தது.

"ஞானையா!" என்று கூப்பிட்டார். மண்டபத்தில் பாட்டு போட்டிருந்தார்கள். "டேய், ஞானையா!"

மறுபடியும் கையை ஊன்றினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.